முழுநிலாப் பந்தி – 11: நந்தினி போட்ட கணக்கு

கோலப்பொடி டப்பாவை மூடிக்கொண்டிருந்தபோது நந்தினியின் போன் சிணுங்கியது. பணம் ஏறிவிட்டது என்று நினைத்து, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஆசையாக எடுத்தாள்.

பணம் ஏறவில்லை. ஆங்கிலத்தில் நாலு வரி வந்திருந்தது. முதல் தடவை படித்தபோது புரியாத மாதிரி இருந்தது. இரண்டாவது தடவை நன்றாகவே புரிந்தது. வழக்கத்துக்கு மாறாகப் பணம் வருவதால் கணக்கு பரிசீலனையில் இருக்கிறதாம். அது முடிகிறவரை வந்த பணம் எதையும் வங்கிக்கு அனுப்ப மாட்டார்களாம்.

நாளைக்குப் பௌர்ணமி.

"பணம் ஏறிச்சாம்மா?" கொட்டகைக்குள்ளிருந்து மாமியார் திரௌபதியின் குரல் வந்தது. அண்டாவைப் புளி போட்டுத் தேய்க்கிற சத்தத்துக்கு நடுவே அந்தக் குரல் கணீரென்று கேட்டது.

"ஏறிடும் அத்தை. மத்தியானத்துக்குள்ள ஏறிடும்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பொய் இவ்வளவு சுலபமாக வாயில் வருமா?

போன மாதம் இதே வாசலில் நடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். திரௌபதியின் சமையல் கொட்டகை கிரிவலப் பாதைக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. மாதம் முழுக்க அங்கே அடுப்பு தூங்கும். பௌர்ணமி நெருங்கும்போதுதான் விழிக்கும். சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர் என்று எங்கெங்கோ இருப்பவர்கள் இணையத்தில் மூவாயிரம் ரூபாய் கட்டி ஒரு பேர் கொடுப்பார்கள். அந்தப் பேரில் கிரிவலம் வருகிற நாற்பது பேருக்குச் சாப்பாடு. பேரைச் சிலேட்டில் எழுதிப் பந்திக்குப் பக்கத்தில் வைத்து, வீடியோ எடுத்து அனுப்புவது நந்தினியின் வேலை.

அந்தப் பணத்தை வாங்கித் தருகிற கம்பெனியைத்தான் அவள் மாற்றினாள். பழைய கம்பெனி நூற்றுக்கு இரண்டு ரூபாய் பிடித்தது. அந்த இரண்டு ரூபாய்க்கு மேலே பதினெட்டு சதவீத வரி. வெளிநாட்டு கார்டென்றால் நூற்றுக்கு மூன்று. நந்தினி கல்யாணத்துக்கு முன்பு வேங்கிக்கால் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதியவள். நாலு கம்பெனிகளின் கட்டணத்தை வரிசையாக வைத்து, கூட்டிக் கழித்து, நூற்றுக்கு ஒன்றரை மட்டும் பிடிக்கிற ஒரு கம்பெனியைக் கண்டுபிடித்தாள். மாதம் ஏறக்குறைய இரண்டாயிரம் மிச்சம்.

"இந்த ஒரு பௌர்ணமி போவட்டுமே. அப்பால மாத்திக்கலாம்," என்றாள் திரௌபதி.

"எதுக்கு அத்தை ஒரு மாசம் நஷ்டம்?" என்றாள் நந்தினி.

"காசு கைக்கு எப்ப வரும்?"

"மறுநாளே வந்துடும். எல்லாரும் மறுநாள்தான் குடுக்கறாங்க."

"சரி, உன் இஷ்டம்," என்று விட்டுவிட்டாள் மாமியார். அந்த "உன் இஷ்டம்" இப்போது நந்தினியின் நெஞ்சுக்குள் அம்மிக்கல் மாதிரி கிடந்தது.

மொட்டை மாடிக்கு ஓடினாள். கம்பெனிக்குப் போன் போட்டாள். ஒன்றை அழுத்து என்றது, அழுத்தினாள். நாலை அழுத்து என்றது, அழுத்தினாள். ஏதோ ஒரு வாத்தியம் வாசித்துக்கொண்டே இருந்தது. கீழே அவள் கணவன் மூர்த்தி வண்டியைத் துடைக்கும் சத்தம். பால்காரன் வந்துபோன சத்தம். அவள் காது சூடேறிப் போன பிறகுதான் ஒரு மனுஷக் குரல் கேட்டது.

"சைலஜா பேசறேன், சொல்லுங்க மேடம்." தெலுங்கு வாடை அடிக்கிற தமிழ். ஆனாலும் தமிழ். நந்தினிக்கு அழுகையே வந்துவிட்டது. திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னாள்.

சைலஜா எதையோ தட்டிப் பார்த்தாள். "உங்க அப்ளிகேஷன்ல, ஒரு நாள் சராசரி விற்பனை ஒன்பதாயிரம்னு போட்டிருக்கீங்க மேடம்."

"ஆமாங்க."

"ஆனா முந்தாநாள்லேருந்து ரெண்டு லட்சத்து எழுபதாயிரம் வந்திருக்கு. அதுக்கு முன்னாடி மூணு வாரமா ஒரு ரூபா கூட வரல. புதுக் கணக்கு, திடீர்னு பணம், அதுல வெளிநாட்டு கார்டு வேற. இப்படி வந்தா சிஸ்டமே நிறுத்திடும் மேடம். யாரும் வேணும்னு பண்ணல."

நந்தினிக்கு அந்தக் கட்டம் அப்படியே கண் முன்னால் வந்தது. ஒரு நாளைக்குச் சராசரியாக எவ்வளவு விற்பனை என்று கேட்டிருந்தார்கள். மாத வரவை முப்பதால் வகுத்தாள். ஒன்பதாயிரம். கால்குலேட்டர்கூட வேண்டியிருக்கவில்லை. பரீட்சையில் கேட்டிருந்தால் முழு மார்க். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு, முப்பதில் இருபத்தேழு நாள் வெறும் நாள் என்பது மட்டும் அந்த நேரம் பார்த்து மறந்துபோனது.

"எங்களுக்கு அப்படித்தாங்க வரும். பௌர்ணமிக்கு மட்டும்தான் வியாபாரம்."

"பௌர்ணமின்னா... ஃபுல் மூன்? நிலாவுக்கு ஏத்த மாதிரி பிசினஸா மேடம்?"

"ஊரே அப்படித்தாங்க. ஆட்டோ, லாட்ஜு, டீக்கடை, செருப்பு பாத்துக்கறவங்க எல்லாருக்குமே அன்னிக்குத்தான். பழைய கம்பெனியில மூணு வருஷமா ஒண்ணுமே கேக்கலியே?"

"அவங்களுக்கு உங்கள மூணு வருஷமாத் தெரியும். எங்களுக்கு ஒரு மாசமாத்தானே தெரியும் மேடம்?"

கட்டணத்தில் அரை ரூபாய் குறைவதைப் பார்த்த நந்தினி, மூன்று வருஷப் பழக்கத்துக்கு என்ன விலை என்று எந்த வரிசையிலும் போட்டுப் பார்க்கவில்லை.

"ஆறு மாச பேங்க் ஸ்டேட்மென்ட் அனுப்புங்க. உணவு லைசென்ஸ் அனுப்புங்க. மேல இருக்கறவங்க பாத்துட்டு விடுவாங்க. ஏழு வேலை நாள் ஆகும்."

"ஏழு நாள்ல நிலா பாதியாத் தேஞ்சிடும்ங்க!"

சைலஜா சிரிக்கவில்லை. அதுவே ஆறுதலாக இருந்தது. "அர்ஜென்ட்னு போடறேன் மேடம். ப்ராமிஸ் பண்ண முடியாது," என்றாள்.

கேட்ட காகிதங்களைப் போனிலேயே அனுப்பிவிட்டு நந்தினி படி இறங்கி வந்தபோது மூர்த்தி அவள் முகத்தைப் பார்த்தே துணியைக் கீழே போட்டான். மாடியில் அவள் பேசியது அவன் காதில் விழுந்திருந்தது. அவன் அதிகம் பேசாதவன். மினி லாரியின் கதவைத் திறந்து, "ஏறு," என்றான். தெரு முனை தாண்டிய பிறகுதான் வாய் திறந்தான்.

"எவ்ளோ மாட்டிக்கிச்சு?"

"எல்லாமே."

வண்டி ஒரு குழியில் இறங்கி ஏறியது. "அம்மாகிட்ட சொல்லிடலாம்."

"வேணாங்க. நானே வீம்பா மாத்தினேன். ரெண்டாயிரம் மிச்சம் புடிக்கறேன்னு எல்லாத்தையும் கொண்டுபோயி..."

"ரெண்டாயிரத்துக்கு நீ இந்தப் பாடு படறதைப் பாத்தா, நானே மாசாமாசம் குடுத்திருப்பேன்," என்றான் மூர்த்தி. கிண்டலாகத்தான் ஆரம்பித்தான். அவள் கண்ணைப் பார்த்ததும் பாதியில் குரல் இறங்கிவிட்டது. "சரி, அழாத. சரக்கு இல்லாம நாளைக்கு ஒண்ணும் நடக்காது. பாய் கடைக்குப் போலாமா?"

கடைத்தெருவில் குலாம் ரசூலின் மளிகை மொத்தக் கடை. பருப்பு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாமா, அதிசயமா நீயே வந்துகீற? நான் வேற வழக்கம் போல மூர்த்தியைத் திட்டலாம்னு வார்த்தை எல்லாம் சேத்து வச்சிருந்தேன்."

நந்தினியால் சிரிக்க முடியவில்லை. அரிசிச் சிப்பத்திலிருந்து பாக்குமட்டைத் தட்டு வரைக்கும் சொன்னாள். எல்லாம் சேர்ந்து ஒரு லட்சத்தைத் தாண்டியது. பிறகு குரலைத் தாழ்த்தி, "பணம் ஒரு வாரத்துல தர்றேன் பாய்," என்றாள்.

குலாம் ரசூல் பேனாவைக் கீழே வைத்தார்.

"கடனா? திரௌபதி அக்காவா கேட்டுச்சு?"

"அத்தைக்குத் தெரியாது."

அவர் தாடியைத் தடவினார். திரௌபதியின் வழக்கம் அவருக்குத் தெரியும். கடைத்தெருவுக்கே தெரியும். அன்னதானச் சரக்கை அவள் ஒருநாளும் கடனில் தொட்டதில்லை. காசு கொடுக்காத அரிசியை வடித்துப் போட்டால், அந்தப் புண்ணியம் பேர் கொடுத்தவனுக்குப் போகாது, அரிசி வைத்திருந்தவனுக்குத்தான் போகும் என்பது அவளுடைய உறுதி. யார் சொல்லிக் கொடுத்தார்களோ, அவளே கண்டுபிடித்தாளோ தெரியாது. முதல் பௌர்ணமியிலிருந்து அப்படித்தான். காசு முன்னால், சிப்பம் பின்னால்.

"நாளைக்கு எத்தினி பேரு?" என்று கேட்டார்.

"தொண்ணூறு பேரு குடுத்திருக்காங்க பாய். பாதிப் பேரு செத்துப்போனவங்க பேருல. தேதி மாத்த முடியாது."

அவர் ஆளைக் கூப்பிட்டார். "ஏத்துடா வண்டியில." பிறகு நந்தினியிடம், "காசு பத்தி பயமில்லமா. ஆனா ஒண்ணு. அக்கா என்னைக் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். கேக்காத வரைக்கும் நானா சொல்லவும் மாட்டேன்," என்றார்.

கேட்க மாட்டாள் என்றுதான் நந்தினி நினைத்தாள். சரக்கோடு வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்துத் தைரியம் சொல்லிக்கொண்டாள். வழக்கமாகக் கண் முன்னால் நடக்கிற சின்னக் காரியம்தான் நமக்குச் சமயத்தில் நினைவுக்கு வராது.

சிப்பங்களை இறக்கிக் கொட்டகையில் அடுக்கினார்கள். திரௌபதி கை கால் கழுவி, நெற்றிக்கு விபூதி இட்டு, பெரிய அண்டாவைக் கிழக்கே பார்த்து வைத்தாள். பௌர்ணமிக்கு முன்தினம் பேரரிசி போடுவது அவள் வழக்கம். ஒவ்வொரு பேராகச் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு பிடி அரிசியை அண்டாவில் போடுவாள். அந்தப் பேரரிசியோடு மிச்ச அரிசியும் கலந்துதான் விடியற்காலை உலைக்குப் போகும். ஒரு பேரைச் சொல்லிப் போட்ட அரிசியை எடுக்கிற பேச்சே கிடையாது.

முதல் சிப்பத்தின் கட்டில் கை வைத்தவள், நிமிர்ந்து இடுப்பிலிருந்து போனை எடுத்தாள்.

நந்தினிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. ஒவ்வொரு மாதமும் பார்த்ததுதானே! கட்டை அவிழ்ப்பதற்கு முன் மாமியார் பாய்க்கு ஒரு போன் போடுவாள். "பாய், காசு சேந்துதா?" "சேந்துதுக்கா, அவுரு." அவ்வளவுதான். ஒரு நொடிப் பேச்சு.

"அத்தை, போன் பண்ணாதீங்க."

திரௌபதி திரும்பிப் பார்த்தாள்.

"காசு குடுக்கல. பணம் ஏறல. கம்பெனிக்காரங்க நிறுத்தி வச்சிட்டாங்க. காலையிலயே தெரியும்." எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். முப்பதால் வகுத்ததையும் சேர்த்துச் சொன்னாள்.

திரௌபதி கத்தவில்லை. கத்தியிருந்தால் நந்தினிக்கு வசதியாக இருந்திருக்கும். சிப்பத்தின் மேலேயே உட்கார்ந்தவள், சட்டென்று எழுந்து தரையில் உட்கார்ந்துகொண்டாள். அந்த அரிசி தன்னுடையது இல்லை என்பது போல.

"காலையில ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சு அத்தை."

"என்னைப் பாத்தா? நான் இன்னா புலியா?"

"நான்தானே மாத்தலாம்னு அடம் புடிச்சேன்."

"மாத்தினது தப்பில்ல. கணக்கு யாருக்கும் தப்பும். நானே உப்பை ரெண்டு தடவ போட்டிருக்கேன். ஆனா அவங்க அவங்க பேரைச் சொல்லிக்கினு, பாயோட அரிசியை என்னை வடிக்க வச்சிருப்பியே? எனக்கே தெரியாம என்னைத் திருடியாக்க இருந்தியே?"

நந்தினி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூர்த்தி ஏதோ சொல்ல வந்தான். "நீ வாயை மூடு. வண்டி ஓட்டினவன்தானே நீயும்?" என்று அவன் பக்கம் ஒரு வெட்டு விழுந்தது.

திரௌபதி பாய்க்குப் போன் போட்டாள். அவர் போனில் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் ஸ்கூட்டரோடு வாசலுக்கே வந்துவிட்டார்.

"அக்கா, பொண்ணைத் திட்டாத. நான்தான் ஏத்தி அனுப்பினேன்."

"உன்னையும் சேத்துதான் திட்டப் போறேன், உக்காரு."

"உக்கார்றேன். ஆனா ஒண்ணு சொல்லு. கடன் அரிசியோட புண்ணியம் எனக்குத்தானே வரும்? வந்தா வரட்டுமே. எனக்கும் வயசாவுது. வேணாம்னா சொல்லப் போறேன்?"

மூர்த்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரௌபதியின் உதடுகூடக் கொஞ்சம் அசைந்தது. ஆனால் தலையை ஆட்டினாள்.

"உனக்குக் குடுக்க எனக்கு மனசில்லாம இல்ல பாய். ஆனா அது என்னுது இல்லியே, எடுத்துக் குடுக்க. பேரு குடுத்தவங்களுது."

"அப்ப அவங்களையே கேளேன்," என்றார் குலாம் ரசூல். சும்மா, பேச்சுக்குப் பேச்சாகத்தான் சொன்னார்.

திரௌபதி நந்தினி பக்கம் திரும்பினாள்.

"கேளு. ஒவ்வொருத்தருக்கும் போன் பண்ணு. உள்ளதைச் சொல்லு. உங்க பணம் மாட்டிக்கினு கீது, கடன் அரிசியில வடிக்கலாமா, இல்ல வேணாமா. சரின்னு சொல்றவங்க பேருக்கு அரிசி விழும். வேணாம்னு சொன்னவங்க பேருக்கு விழாது. அவங்க பணம் எப்ப வருதோ அப்ப திருப்பிக் குடுத்துடலாம்."

"தொண்ணூறு பேரையுமா அத்தை?"

"தொண்ணூறு பேருகிட்ட காசு வாங்கத் தெரிஞ்சுது இல்ல?"

வெளி ஆட்களோடு போனில் பேசுவதென்றாலே நந்தினிக்குக் கூச்சம். வீடியோவைக்கூட ஒரு வணக்கம் போட்டு அனுப்பிவிட்டு ஓடிவிடுவாள். இப்போது வேறு வழி இல்லை. பாதியை மூர்த்தி எடுத்துக்கொண்டான். மீதியை இவள் எடுத்துக்கொண்டு கொட்டகை மூலையில் கவிழ்த்து வைத்த அண்டாமேல் உட்கார்ந்தாள்.

முதல் ஆள் எடுத்ததும், "உங்க பணம் மாட்டிக்கிச்சுங்க," என்று ஆரம்பித்தாள். "இந்த மாதிரி போன் காலுக்கெல்லாம் நாங்க ஏமாற மாட்டோம்," என்று வைத்துவிட்டார்.

தான் பேசுவது எப்படிக் கேட்கிறது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பணம் மாட்டிக்கொண்டது என்று யாராவது போன் செய்தால் நம்பாதே என்றுதானே ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்கள்! அடுத்த ஆளிடம் முதலிலேயே, "நான் பணம் கேக்கல, ஓடிபி கேக்கல. ஒரு சம்மதம் மட்டும் கேக்கறேன்," என்றாள். அந்த ஆள் வாய்விட்டுச் சிரித்தார். "கடன் அரிசியா இருந்தா என்னம்மா, பசிக்குத் தெரியவா போவுது? போடுங்க," என்றார்.

ஒருவர் அரை மணி நேரம் தன் சர்க்கரை வியாதியைப் பற்றிச் சொல்லிவிட்டுச் சரி என்றார். ஒரு பெண், "நான் சீட்டுக் கம்பெனியில ஏமாந்தவ, என் ரத்தத்தைக் கொதிக்க வைக்காதீங்க," என்று அழுதாள். சிலர் எடுக்கவே இல்லை.

"எடுக்கலன்னா?" என்று நந்தினி கேட்டாள்.

"எடுக்கற வரைக்கும் அடி," என்றாள் திரௌபதி.

ஓசூரிலிருந்து ராஜராஜேஸ்வரி என்கிற அம்மாள் பேசினாள். சோமேஷ் என்கிற பேரில் பணம் கட்டியவள். நந்தினி சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"என் பையன்ம்மா. அவன் இல்லாம வர்ற முதல் பொறந்தநாள்," என்றாள். "கடன் வாங்குவியோ, கைமாத்து வாங்குவியோ, எனக்குத் தெரியாது. நாளைக்கு யாராவது அவன் பேரைச் சத்தமாச் சொல்லணும். இங்க வீட்டுல யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. பயப்படறாங்க."

"சொல்றோம்மா," என்றாள் நந்தினி.

அதற்கு அடுத்த எண் ஈஸ்வருடையது. சென்னை. தந்தை ஏகாம்பரநாதன் பௌர்ணமி திதியில் இறந்தவர். அவர் பேருக்குக் கட்டியிருந்தான். நந்தினியைப் பேசவே விடவில்லை.

"சாமி பேரைச் சொல்லிப் பணம் புடுங்கிட்டு, இப்ப மாட்டிக்கிச்சு, கீட்டிக்கிச்சுன்னா? அப்பா திதின்னு தெரிஞ்சே விளையாடறீங்களா? சமைக்கவே போறதில்லன்னு சொல்லுங்க!"

"சார், சத்தியமா நாங்க..."

"வேணாம். என் அப்பா பேரை உங்க வாயால சொல்லவே வேணாம். எங்க புகார் குடுக்கணுமோ அங்க குடுத்துக்கறேன்."

போன் துண்டிக்கப்பட்டது. நந்தினி புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த எண்ணை அழுத்தினாள்.

வெயில் தாழ்ந்தபோது முக்கால்வாசிப் பேர் சரி என்று சொல்லியிருந்தார்கள். திரௌபதி எழுந்து முதல் சிப்பத்தின் கட்டை அவிழ்த்தாள். குலாம் ரசூல் கடைக்குப் போகாமல் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரைச் சொல்லு."

நந்தினி ஒவ்வொன்றாகச் சொன்னாள். மாமியார் அதைத் திருப்பிச் சொல்லி அரிசி போட்டாள். சரசரவென்று அண்டாவின் அடியில் விழுந்த அரிசி, பேர்கள் சேரச் சேரச் சத்தமில்லாமல் விழ ஆரம்பித்தது. "சோமேஷ்," என்று நந்தினி கொஞ்சம் உரக்கவே சொன்னாள். திரௌபதி அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, அதைவிட உரக்கச் சொன்னாள்.

அப்போதுதான் போன் வந்தது. சைலஜா.

"மேடம், உங்க பேப்பர்ஸ் எல்லாம் நானே கூட இருந்து பார்க்க வச்சேன். நாளைக்கு காலையில விட்டிருப்பாங்க," என்றாள். அவள் குரல் காலையில் இருந்த மாதிரி இல்லை. "ஆனா இப்ப ஒரு கஸ்டமர் மோசடின்னு புகார் குடுத்திருக்கார். புகார் வந்துட்டா யார் கையிலயும் இல்ல மேடம். கணக்கை மூடிட்டாங்க. பணம் எல்லாம் கட்டினவங்களுக்கே திரும்பிப் போயிடும். ஐ ஆம் வெரி சாரி."

நந்தினி போனைக் கீழே இறக்கினாள். கொட்டகையில் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். காலையில் சொன்னது போல ஒரு வார்த்தை, "ஒண்ணுமில்ல அத்தை," என்கிற ஒரே வார்த்தை, நாக்கு நுனியில் தயாராக நின்றது. அதைச் சொன்னால் இன்னும் கொஞ்ச நேரம் இந்த முகங்கள் இப்படியே இருக்கும்.

"பணம் வராது அத்தை," என்றாள். "ஒருத்தர் புகார் குடுத்துட்டாரு. எல்லாப் பணமும் கட்டினவங்களுக்கே திரும்பிப் போவுதாம். பாய்க்குக் குடுக்க நம்மகிட்ட ஒண்ணும் இருக்காது."

மூர்த்தி அப்படியே சுவரோரம் சாய்ந்துவிட்டான். குலாம் ரசூல் இருமினார். ஒரு லட்சத்துக்கு மேல் சரக்கு கொடுத்தவர் அவர். அவர் முகத்தில் முதல் தடவையாக வியாபாரி தெரிந்தார். அதை மறைக்க அவர் படுகிற பாட்டைப் பார்க்க நந்தினிக்கு வேதனையாக இருந்தது.

திரௌபதி அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"பாய்," என்றாள், "இதுக்குப் பதில் சொல்ல வேண்டியவ நான். நாளைக்குப் பந்தி முடியட்டும். மறுநாள் நானே உன் கடைக்கு வர்றேன்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"போட்ட அரிசியை எடுக்கறது இல்ல. அடுத்த பேரு சொல்லு நந்தினி."

நந்தினி போனைப் பார்த்தாள். வரிசையில் அடுத்து நின்றது அந்தப் பேர்தான்.

"இவரு வேணாம் அத்தை. ஏகாம்பரநாதன். இவரோட பையன்தான் வேணாம்னு சொன்னாரு. புகார் குடுத்ததும் அவராத்தான் இருக்கும்."

திரௌபதி ஏற்கனவே ஒரு பிடி அள்ளியிருந்தாள். கை அண்டாவுக்கு மேலே அப்படியே நின்றது.

"வேணாம்னு சொன்னது மவன். பேரு அவங்க அப்பனுது. செத்தவரு வேணாம்னு சொல்லலியே?" என்றாள். "ஆனா கேட்டுட்டுப் போடறதுன்னு நான்தானே சொன்னேன். சொன்னதை மீறினா, அப்பால எனக்கு இன்னா மரியாதை?"

விரல் இடுக்கிலிருந்து ஓரிரண்டு அரிசி உதிர்ந்து தரையில் விழுந்தது.

"எனக்குத் தெரியல நந்தினி. நீ சொல்லு. போடட்டுமா, வேணாமா?"

கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்தக் கொட்டகையில் மாமியார் அவளை இப்படிக் கேட்டதில்லை. உன் இஷ்டம் என்று விட்டிருக்கிறாள். நீ சொல்லு என்று கேட்டதில்லை. அந்த ஈஸ்வர் போனில் கத்திய கத்தல் இன்னும் காதில் இருந்தது. கத்தலுக்கு நடுவே, "அப்பா திதி" என்று சொன்னபோது மட்டும் அவன் குரல் உடைந்ததும் நினைவில் இருந்தது. அந்த இரண்டில் எதை எடுப்பது?

"ஏகாம்பரநாதன்," என்றாள் நந்தினி.

"ஏகாம்பரநாதன்," என்றாள் திரௌபதி. விரல்கள் பிரிந்தன.

அரிசி விழுந்த அதே நேரத்தில் நந்தினியின் கையில் போன் அதிர்ந்தது. திரையில் ஈஸ்வரின் எண்.